துணி மூட்டையுடன் வந்த பத்திரிகையாசிரியர்

ஹேவாஹெட்ட மலைச்சரிவில், லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட கதையை ஏற்றுமதியாளரும் சுற்றுலாத் துறையினரும் அலுக்காமல் சொல்லி வருகின்றனர். அத்தேயிலையைக் கொய்தவர்களின் கதையை அச்சேற்றிய கோ. நடேசய்யரையோ மலையகத்திலேயே படித்தவர் சிலர்.

தஞ்சையிலிருந்து வந்தவர் அவர். துரையின் இசைவின்றி வெளியார் தோட்டத்துள் கால்வைப்பது அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட காலம் அது. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு, துணி மூட்டையுடன் லயங்களுக்குள் நுழைந்தார். பெரிய கங்காணியின் கடன் கணக்கையும், அக்கடனைச் சுமத்தியே ஆளைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறையையும் அருகிருந்து அறிந்தார். துண்டு 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. கடன் அத்தனை எளிதில் ஒழியவில்லை.

‘தேசநேசன்’, பின்பு 1924இல் ‘தேசபக்தன்’ என அவர் பத்திரிகைகள் தொடர்ந்தன. ஆள்வோர் காதில் விழவேண்டியவற்றை ஆங்கில ஏடுகளிலும் எழுதினார். எழுத்தறியாத் தொழிலாளரிடம் செய்தி சென்று சேர, அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டெழுதி மேடையில் பாடினார். அவ்வம்மையாரைப் பத்திரிகை வரலாறு இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை என்பதே எமது கருத்து.

ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உடனுழைத்த நடேசய்யர், அங்கே இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் எழுந்ததும் விலகினார்; 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச்சங்கம் கண்டார். 1936 முதல் அரசாங்க சபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினர். கூட்டாளிகளோடு நெடுநாள் ஒத்துப்போனவர் என்று அவரைச் சொல்ல இயலாது. அதை மறைத்துத் துதிபாடுவது அவருக்கும் பெருமை தராது.

1940 சனவரி 10இல் ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் காவற்படையின் குண்டுக்குக் கோவிந்தன் பலியானார். அப்போராட்டத்தை நடத்தியது இடதுசாரிகளின் சங்கம், நடேசய்யருடையதன்று. ஆயினும் லயத்து வாசலில் நின்று சங்கம் என்று உரக்கச் சொல்லும் துணிவுக்கு இருபதாண்டு முன்பே வழிகோலியோருள் அவர் முதன்மையானவர்.

1947 தேர்தலில் தோற்று, அவ்வாண்டு நவம்பர் 7இல் மறைந்தார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கியது. சாரல்நாடன் நூல்கள் எழுதி அவரை மீட்டுத் தந்தார். ஒருவர் உழைப்பு போதாது. எஞ்சிய ‘தேசபக்தன்’ இதழ்களைத் திரட்டி, எவரும் படிக்கும்படி மறுபதிப்பாகவோ மின்பதிப்பாகவோ வெளியிடும் கடமை, இம்மலைகளுக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கும், தோட்டத் தொழிலாளர் சந்தாவில் வாழும் தொழிற்சங்கங்களுக்கும் உண்டு.