பிள்ளை நித்திரையா எண்டு ஒருக்கால் போய்ப் பாருங்கோ

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை ஏழாம் தரத்துக்கு "எங்கள் வீட்டு இரவு" என்று கட்டுரை எழுதக் கொடுத்தேன். பேய்க்கதையும் மின்வெட்டும் வரும் என்று எதிர்பார்த்தேன். அவையும் வந்தன. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கொப்பிகளில், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமலே, ஒரே விஷயம் இருந்தது. "அம்மா வந்து பார்ப்பா. நான் நித்திரை மாதிரிக் கிடப்பன்."

ஒரு பெடியன் எழுதியிருந்தான்: "அப்பா கடலால வந்து மீன் மணக்கிற கையோட என்ர தலையைத் தடவுவார். நான் கண்ணைத் திறக்க மாட்டன். திறந்தா அவர் கையை எடுத்துப் போடுவார்." ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: "அப்பா ராவில வாறவர். ஆனா என்னைப் பார்க்க இல்லை, போனைப் பார்க்க." இன்னொரு பிள்ளை நாலே வரியில் முடித்திருந்தாள்: "எங்கட வீட்டில ஒருத்தரும் வந்து பார்க்கிறேல்லை. அம்மம்மாவுக்குக் கண் தெரியாது. அம்மா சுவிஸில. காலமை எடுப்பா."

யார் எழுதியது என்று தேடாதீர்கள். பிள்ளைகளை அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கொப்பிகளைத் திருத்தி முடித்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பிள்ளைக்குப் பதின்மூன்று வயதானாலும் பதினாறு வயதானாலும், நீங்கள் படுக்கப் போகமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆனால் பொலிஸ் போல் போகாதீர்கள்.

"கைக்குழந்தையா ரீச்சர், எழும்பி எழும்பிப் பார்க்க?" என்று கேட்பீர்கள். போன மாரியில் வேலணைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பெடியன். வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்ததால் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இவனைக் கீழே பாயில் படுக்க விட்டார்கள். இரவு இரண்டு மணிக்கு "வயித்துக்குள்ள நோகுது" என்று அழுதான். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அவனும் அடங்கிவிட்டான். தாயும் போய்ப் படுத்துவிட்டா.

ஆனால் மனம் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் எழும்பிப் போய்ப் பார்த்தா. பிள்ளை விழித்துத்தான் கிடந்தான். கண் இமை பாதிக்கு மேல் திறக்கவில்லை. பேச்சு மூக்கால் வந்தது. பாயைத் தூக்கினால் கீழே கறுத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்களோடு கட்டுவிரியன்.

எங்கள் தீவுகளில் இரவில் பயப்பட வேண்டிய பாம்பு இது. பகலில் சோம்பேறி போல் சுருண்டு கிடக்கும். இரவில் திரியும். தரையில் படுத்திருப்பவர்களையே பெரும்பாலும் கடிக்கும். கடிபட்ட இடம் வீங்காது, நோவும் பெரிதாக இருக்காது. பல் பட்ட அடையாளம்கூடச் சில வேளை தெரியாது. கடிபட்டவர் எழும்பாமலே நித்திரை கொள்ளலாம். முதலில் வருவது வயிற்று நோவு, சத்தி. பிறகு இமை சரியும், விழுங்க முடியாது, கை கால் சோரும், கடைசியில் மூச்சு நிற்கும். வயிற்று நோவு என்று நினைத்து விடியும் வரை வைத்திருந்து பிள்ளையைப் பறிகொடுத்த கதைகள் இலங்கையிலும் இந்தியாவிலும் நிறைய உண்டு.

அந்தப் பெடியன் பிழைத்தான். சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைத்தார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, சில நாள் இயந்திரத்தின் உதவியோடு மூச்சு விட வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். வைத்தியர்கள் காப்பாற்றினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தாய் இரண்டாம் தரம் எழும்பிப் போயிருக்காவிட்டால், வைத்தியர்களிடம் கொண்டுபோக உயிரோடு பிள்ளை இருந்திருக்காது.

மடத்துவெளியில் இருந்து யாழ்ப்பாணம் முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. வாணர் தாம்போதி தாண்டி, வேலணை தாண்டி, பண்ணைப் பாலம் தாண்டிப் போக வேண்டும். எங்களுக்காவது பாதை இருக்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் முதலில் கடல். இப்படியான இடத்தில் இருக்கிற நாங்கள் விடிந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்க முடியாது.

ஆகவே போய்ப் பார்க்கும்போது இவற்றைப் பாருங்கள். நுளம்பு வலை நாலு பக்கமும் பாய்க்கு அல்லது மெத்தைக்குக் கீழே சொருகியிருக்கிறதா? வலை நுளம்புக்கு மட்டுமல்ல. நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் பாம்புக்கடியை ஆராய்ந்தவர்கள், வலைக்குள் படுப்பவர்களுக்குக் கடிபடுவது குறைவு என்று கண்டிருக்கிறார்கள். போர்வை தரையில் தொங்குகிறதா? கட்டில் சுவரோடு ஒட்டி நிற்கிறதா? கதவுக்குக் கீழே இடைவெளி இருக்கிறதா? நுளம்புத்திரி துணிக்குக் கிட்டப் புகைகிறதா? இரவில் வயிற்று நோவென்றால் இமையைப் பாருங்கள், பேசச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் என்றால் கட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எங்கள் நபி (ஸல்) அவர்கள், படுக்கமுன் படுக்கையைத் தட்டிவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். நாங்கள் எழும்பிப் போன பிறகு அதில் என்ன வந்து கிடக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுப் படுக்கவும் சொன்னார்கள். சின்ன வயதில் இதை ஓதும்போது பழைய காலத்துப் பாலைவனப் பழக்கம் என்று நினைத்தேன். தீவுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. எந்தச் சமயத்து வீட்டிலும் பாயை உதறிப் போடலாம். அதற்குச் செலவில்லை.

இனி அந்தப் போன் விஷயம்.

இரவில் போனைப் பார்க்கத்தான் வேண்டும் என்று ஒரு தகப்பன் என்னிடம் வாதாடினார். அவருடைய பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2015 மே மாதத்துக்குப் பிறகு இந்தத் தீவில் பெண் பிள்ளை வைத்திருப்பவர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை. போனில் வரும் ஆபத்தும் பொய்யில்லை. காலையில் முதலாம் பாடத்தில் தூங்கி விழும் பிள்ளைகளை நான் தினமும் காண்கிறேன்.

ஆனால் நானும் இந்தப் பிழையைச் செய்தவள். என் மகனுக்குப் பதினாலு வயது. ஒரு நாள் இரவு போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. போய் இழுத்துப் பறித்தேன். ஏசினேன். அவன் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். இரண்டு நாள் கழித்து அவனுடைய தங்கச்சி சொல்லித்தான் தெரியும், பாடசாலையில் யாரோ அவனைத் தொடர்ந்து கேலி செய்திருக்கிறார்கள். அதை ஒரு கூட்டாளிக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். விழித்துக் கிடந்த பிள்ளையிடம் "ஏன் நித்திரை வரேல்லை?" என்று கேட்க வேண்டிய நான், "கொண்டா போனை" என்றேன். அதன் பிறகு பல நாள், நான் கதவடிக்கு வந்தால் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு எல்லாருடைய போனும் விறாந்தை மேசையில். என்னுடையதும், அவர்களுடைய வாப்பாவுடையதும். பிறகு அறைக்குப் போகும்போது பறிக்க ஒன்றும் இல்லை, பிள்ளையை மட்டும் பார்க்கலாம்.

வளர்ந்த பிள்ளையின் அறைக்குள் தட்டாமல் போகவும் வேண்டாம். குர்ஆனில் சூரா அந்நூரில், சுபஹுக்கு முன், நடுப்பகலில், இஷாவுக்குப் பின் என்று மூன்று நேரங்களில் பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று இருக்கிறது. ஓய்வெடுப்பவரின் மறைவுக்கு அவ்வளவு மதிப்பு. பெரியவர்களிடம் பிள்ளை அதைக் காட்ட வேண்டுமென்றால், நாங்களும் அதைக் காட்டித்தான் பழக்க வேண்டும். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று ஒதுங்கிக்கொள்ளும் அப்பாமாரே, வாசலில் நின்று "பிள்ளை, படுத்திட்டியே?" என்று கேட்டால் போதும். அவள் பதில் சொல்லாமல் கிடந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் மடத்துவெளி உறவுகளுக்கும் ஒரு சொல். இங்கே இரவு பத்து மணி என்றால் சுவிஸில் பின்னேரம் ஐந்தரை அல்லது ஆறரை. காலையில் அவசரத்தில் எடுப்பதை விட, பிள்ளை படுக்கப் போகும் நேரத்தில் ஐந்து நிமிடம் எடுங்கள். புள்ளியைப் பற்றிக் கேட்காதீர்கள். வலை போட்டாயா என்று கேளுங்கள். அம்மம்மாவுக்குக் கண் தெரியாவிட்டால், பக்கத்து வீட்டு மாமியிடமோ சித்தியிடமோ "ஒருக்கால் எட்டிப் பாருங்கோ" என்று உரிமையோடு கேளுங்கள். எங்கள் ஊரில் அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

என் உம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணம் சோனகத் தெருவை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஆறு வயது. அவசரத்துக்கு அழைக்கிற அம்புலன்ஸ் எண்ணும் 1990தான். ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வரும். பிறகு புத்தளத்தில் கிடுகுக் கொட்டில், மணல் தரை, கதவுக்குப் பதில் சாக்கு. உம்மா இரவில் குப்பி விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வந்து எங்கள் ஐந்து பேரின் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணுவா. நான் நாலாவது. என் முறை வரும் வரை மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு நித்திரை போல் கிடப்பேன். எல்லாம் போன அந்த வருடத்தில் நான் பயமில்லாமல் நித்திரை கொண்டது அந்தக் கை பட்ட பிறகுதான்.

இதை ஒரு நாள் மடத்துவெளியில் ஒரு வயதான அம்மாவிடம் சொன்னேன். அவ 91 இடப்பெயர்வைச் சொன்னா. "விளக்குக் கொளுத்தப் பயம் ரீச்சர். இருட்டுக்குள்ள தடவித் தடவித்தான் பிள்ளையளை எண்ணினனான்" என்றா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

எங்களை அப்படிப் பார்த்து வளர்த்தார்கள். இப்போது விளக்கு இருக்கிறது, கதவு இருக்கிறது, எல்லார் போனிலும் டோர்ச் இருக்கிறது. முகத்தில் அடிக்காமல் தரையில் அடித்துக்கொண்டு இன்றிரவு ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளை நித்திரை போல் கிடந்தால் நீங்களும் தெரியாத மாதிரி இருந்துவிட்டு, வலையைச் சொருகிவிட்டு வாருங்கள்.

மாரி தொடங்குகிறது. வளவைத் துப்பரவாக வையுங்கள். இந்தப் பதிவை அம்மம்மாமாருக்கு வாசித்துக் காட்டுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் இறைவன் காக்கட்டும்.