நோயறிச் சொற்கள் வசைச்சொற்கள் ஆகலாமா?

 

அண்மையில் ஒருநாள் ஓய்வு நேரத்தில் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடமையில் இருந்தேன். நான்காம் ஆண்டு மாணவர் இருவர் வரிசையில் இடம்பிடிப்பதற்காகச் சண்டையிட்டுக் கொண்டனர். “போடா மெண்டல்!” என்றான் ஒருவன். “நீதான்டா ஓ.கே.யு!” என்றான் மற்றவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சிறப்புக் கல்வி வகுப்பு மாணவி ஒருத்தி தட்டை ஏந்தியபடி நின்றிருந்தாள். ‘ஓ.கே.யு’ என்பது அவளுக்கு நன்கு அறிமுகமான சொல். அவள் பெயரில் உள்ள அட்டையை வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என எண்ணி அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாரும் சிரிப்பதைக் கண்டு தானும் சிரித்தாள்.

அவ்விருவரையும் அழைத்துக் கண்டித்தேன். “சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னோம் டீச்சர்” என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மாணவியைப் புண்படுத்தும் எண்ணம் அவர்களுக்குக் கடுகளவும் இல்லை. ஆனால், அவளைப் போல் இருப்பது இழிவு என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. தெரியாவிட்டால் அந்தச் சொல் எப்படி வசையாகும்? இந்தப் பாடத்தை அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? இக்கேள்விதான் என்னை இதனை எழுதத் தூண்டியது.

நாம் வீட்டிலும் பள்ளியிலும் சரளமாக வீசும் சில சொற்களின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். கோபம் வந்தால் ‘இடியட்’ என்கிறோம். இங்கிலாந்தில் 1913ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மனக்குறைபாட்டுச் சட்டத்தில் ‘இடியட்’, ‘இம்பெசில்’ ஆகிய இரண்டும் சட்டப்படியான வகைப்பாட்டுச் சொற்கள். அச்சொற்களால் வகைப்படுத்தப்பட்ட மனிதர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் காப்பகங்களில் அடைத்து வைக்க அச்சட்டம் வழிசெய்தது. 1959ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் வந்த பிறகே அவை அங்கே சட்ட ஏட்டிலிருந்து நீங்கின. ‘மோரன்’ என்ற சொல்லோ 1910ஆம் ஆண்டில் ஹென்றி கொடார்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் கிரேக்க மொழியிலிருந்து எடுத்துப் புதிதாக உருவாக்கியது. மனவயது 8 முதல் 12 வரை உள்ளவர்களைக் குறிக்க அவர் அதனைப் பயன்படுத்தினார்.

இவை வசையாக மாறியதும் மருத்துவ உலகம் ‘ரிட்டார்டட்’ என்னும் சொல்லுக்கு வந்தது. அதற்குத் ‘தாமதமான’ என்றுதான் பொருள். நாகரிகமான சொல் என்றே அன்று கருதினார்கள். சிங்கப்பூரில் 1962இல் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட சங்கத்தின் பெயரிலேயே அச்சொல் இருந்தது. பின்னர் அதுவும் வசையாயிற்று. 1985இல் அச்சங்கம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. இன்று அதனை ‘மைண்ட்ஸ்’ என்று அறிகிறோம். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டில் ‘ரோசா சட்டம்’ என்ற ஒன்றின் வழி அச்சொல்லைக் கூட்டரசுச் சட்டங்கள் பலவற்றிலிருந்து நீக்கினார்கள்.

நம் நாட்டுக் கதையும் வேறன்று. பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் என்றோர் ஊர் உள்ளது. 1911இல் அங்கு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மருத்துவமனை பின்னாளில் ‘பஹாகியா’, அதாவது ‘மகிழ்ச்சி’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. ஆனால், ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்னும் ஏச்சு நம் வாயை விட்டு இன்னும் போகவில்லை. பாவம், ஓர் ஊரின் பெயரையே வசையாக்கி விட்டோம்! ‘ஓ.கே.யு’ என்பதோ 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டத்தில் உள்ள ‘ஓராங் குராங் உப்பாயா’ என்பதன் சுருக்கம். உரிமை வழங்குவதற்காக எழுதப்பட்ட சட்டத்தின் சொல், இன்று சிற்றுண்டிச்சாலையில் வசையாகத் திரிகிறது.

இங்கே சிலர் ஒரு மறுப்பை முன்வைக்கலாம். “சொற்களின் பொருள் காலத்தால் மாறும். இன்று ‘இடியட்’ என்பவன் மருத்துவ வகைப்பாட்டையா நினைக்கிறான்? எல்லாச் சொல்லையும் தடைசெய்தால் மனிதன் கோபத்தை எப்படித்தான் காட்டுவது?” என்று என் சக ஆசிரியர் ஒருவரே கேட்டார். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘இடியட்’ என்னும் சொல் மருத்துவத்திற்குள் நுழையும் முன்பே மக்கள் வழக்கில் இருந்ததுதான். இன்று எந்த மருத்துவரும் எந்தக் குழந்தையின் கோப்பிலும் அதனை எழுதுவதில்லை. ஆகவே, எல்லாச் சொற்களையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

நான் வைக்கும் அளவுகோல் எளிமையானது. அந்தச் சொல்லைக் கேட்டால் ‘இது என்னைப் பற்றியது’ எனத் திரும்பிப் பார்க்கும் குழந்தை நம் பள்ளியில் உண்டா? ‘சோம்பேறி’ என்றால் அப்படி ஒரு குழந்தையை மருத்துவர் நம்மிடம் அனுப்பி வைக்கவில்லை. ‘மெண்டல்’, ‘மந்தபுத்தி’, ‘ஸ்பாஸ்டிக்’, ‘ஓ.கே.யு’ என்றால் உண்டு. மருத்துவர்கள் கைவிட்ட பழைய சொல்லாக இருந்தாலும், அச்சொல் சுட்டிய குழந்தைகள் இன்னும் நம் வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

இதனைப் பிறருக்குச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்றும் எண்ணிப் பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், இரண்டாம் ஆண்டில் எழுத்துகளை அடையாளம் காணவே சிரமப்பட்ட ஒரு மாணவன் இருந்தான். குறைநீக்கல் வகுப்பிலும் முன்னேற்றம் இல்லை. அவன் தாயாரை அழைத்து, அரசு மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். அந்தத் தாய் எழுந்தே நின்றுவிட்டார்.

“என் பையன மெண்டலுன்னு சொல்றீங்களா டீச்சர்?”

“அப்படி இல்லைம்மா, அவனுக்கு என்ன உதவி தேவைன்னு…” என்று நான் தொடங்கினேன்.

“நீங்கதான் வகுப்புல எல்லார் முன்னாடியும் அவன மந்தம்னு சொன்னீங்களாம். இப்பப் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் அவன அப்படித்தான் கூப்பிடுது.”

என்னால் மறுக்க இயலவில்லை. ஒருநாள் வகுப்பிற்கு வந்த சக ஆசிரியையிடம், “இவன் கொஞ்சம் மந்தம்” என்று நான் சொன்னது உண்மை. மாணவர்கள் காதில் விழும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. அத்தாய் மகனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவில்லை. வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார். அவன் பிறகு என்னவானான் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் குற்ற உணர்வு இன்றும் என்னைவிட்டு அகலவில்லை.

பெற்றோர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் உறுதிப்படுத்தினால்தான் சிறப்புக் கல்வி வகுப்பில் இடம் கிடைக்கும். அங்கே மாணவர் எண்ணிக்கை குறைவு. பயிற்சி பெற்ற ஆசிரியர் இருப்பார். மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் சிறப்புத் தேவையுடைய எந்தக் குழந்தையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்னும் கொள்கையும் நடப்பில் உள்ளது. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால், வாசலில் ஒரு வசைச்சொல் நிற்கிறது. அதனைக் கடந்து போக அஞ்சித்தான் பல பெற்றோர் “வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருக்கிறார்கள். இழந்த அந்த ஆண்டுகளைக் குழந்தைக்கு யார் திருப்பித் தருவது?

சொல்லை மாற்றினால் மட்டும் போதுமா? போதாது என்பதே வரலாறு காட்டும் உண்மை. இன்று ‘மாற்றுத்திறனாளி’ என்கிறோம், நல்ல சொல்தான். நாம் மாறாவிட்டால் நாளை அதுவும் வசையாகும். ஆகவே, என் தாழ்மையான கருத்துகள் சில:

1. ஆசிரியர் அறையில் பேசும்போதும் மாணவனைக் குறையின் பெயரால் சுட்டாதிருப்போம். “மந்தம்” என்பதற்குப் பதில், “இன்னும் கூட்டெழுத்து வாசிக்க வரவில்லை” என்று சொல்லிப் பழகுவோம். முன்னது முத்திரை, பின்னது நாளைய பாடத்திற்கான குறிப்பு.

2. மாணவன் இத்தகைய சொல்லை வீசினால் அடித்து அடக்குவதால் பயனில்லை. அச்சொல் யாரைக் குறிக்கிறது என்பதை அவனுக்கு விளக்குவோம்.

3. பெற்றோர்களே, வீட்டில் மகிழுந்து ஓட்டும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் நம் வாயிலிருந்து வருவதைப் பின்னிருக்கையில் ஒருவர் மனனம் செய்துகொண்டிருக்கிறார் என்பதை மறவாதிருப்போம்.

4. சிறப்புக் கல்வி மாணவர்களைச் சபைகூடல், விளையாட்டுப் போட்டி, கலைநிகழ்ச்சி ஆகியவற்றில் மற்றவர்களோடு சேர்த்து நிறுத்துவோம். பெயர் தெரிந்த தோழியின் நிலையை வசையாக்கக் குழந்தைகளுக்கு மனம் வராது.

மறுநாள் அவ்விரு மாணவர்களையும் சிறப்புக் கல்வி வகுப்பிற்கு அழைத்துச் சென்றேன். அந்த மாணவி தான் கோத்த மணிமாலையை அவர்களிடம் காட்டினாள். திரும்பி வரும்போது ஒருவன் மெல்லக் கேட்டான்: “டீச்சர், நேத்து அந்தப் பிள்ள நாங்க சொன்னதக் கேட்டுச்சா?”

“கேட்டாள்” என்றேன். அதன்பின் வகுப்பறை வரை அவன் ஒன்றும் பேசவில்லை.

சிந்திப்போம்.