கலங்கிய நீரில் துணை தேடும் மீன்கள்

மலேசியாவின் பீடோர் வட்டாரத்தில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்குச் சண்டை மீனைத் தெரியாமல் இருக்காது. வாய்க்காலில் பிடித்துப் போத்தலில் வளர்த்த அந்த மீனுக்குப் பெட்டா இம்பெல்லிஸ் என்று 1975-இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. மலையடிவார ஓடைகளில் அதற்கு ஓர் உறவு மீன் உண்டு: பெட்டா புக்னாக்ஸ்.

உறவு மீன்கள்தான், ஆனால் கூடும் முறை வேறு. இம்பெல்லிஸ் ஆண் நீர்மட்டத்தில் குமிழிக் கூடு கட்டி, துடுப்புகளை விரித்து நீலப்பச்சையாய் மினுமினுத்துப் பெண்ணை அழைக்கும். புக்னாக்ஸ் கூடு கட்டுவதில்லை. பெண் முட்டைகளை வாயில் பொறுக்கி ஆணின் முகத்துக்கு நேரே உமிழும். ஆண் அவற்றைக் கவ்விக்கொண்டு, குஞ்சு நீந்தும்வரை இரையெடுக்காமல் வாய்க்குள்ளேயே காக்கும்.

ஒரே இனத்துக்குள்ளும் ஓடைக்கு ஓடை விருப்பம் மாறும். கொசுப்புழுவைத் தின்பதற்காக உலகெங்கும் கொண்டுபோகப்பட்ட கப்பி மீனின் தாயகங்களுள் ஒன்று டிரினிடாட். அங்கே ஆன் ஹூட், ஜான் எண்ட்லர் இருவரும் நடத்திய ஆய்வு 1990-இல் வெளிவந்தது. ஆண்களின் உடலில் ஆரஞ்சு நிறம் மிகுந்த ஓடைகளில், பெண்களுக்கும் அந்த நிறத்தின் மேல் நாட்டம் அதிகமாக இருந்தது.

பார்த்துத் தேர்ந்தெடுக்க வெளிச்சம் வேண்டும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் ஆண் சிவப்பாக உள்ள ஒன்று, நீலமாக உள்ள ஒன்று என இரண்டு நெருங்கிய சிக்லிட் மீனினங்கள் உள்ளன. தெளிந்த நீரில் பெண்கள் தம் இனத்து ஆணையே நாடின. கலங்கிய நீரில் நிறம் தெரியாமல் இரண்டும் கலந்தன. ஓலே சீஹவுசனும் சக ஆய்வாளர்களும் 1997-இல் எழுதிய கட்டுரை இதை உலகுக்குக் காட்டியது. ஒரு மீன்கூடச் சாகாமலே ஓர் இனம் அழிந்துபோகலாம் என்பதுதான் அதில் நடுங்க வைக்கும் செய்தி.

பீடோருக்கும் இது பொருந்தும். மலைச்சரிவில் மண்ணை வெட்டி அப்படியே விட்டால், அடுத்த மழையில் ஓடை செம்மண் குழம்பாகிவிடும். நிறம் பார்த்துத் துணை தேடும் மீன் அதில் என்ன செய்யும்?

இன்னொரு ஆபத்து வீட்டிலிருந்தே வருகிறது. கடையில் வாங்கிய சயாம் சண்டை மீன் அலுத்துப்போனதும் பிள்ளைகள் அதை வாய்க்காலில் விடுகிறார்கள். அது இம்பெல்லிஸுடன் எளிதில் கூடும். பிறக்கும் கலப்பு மீன்களும் குஞ்சு பொரிக்கும். நம் வாய்க்கால் மீனின் தனித்தன்மை அப்படியே கரைந்துபோகும்.

மண் வெட்ட அனுமதி கொடுக்கும்போதே, வண்டல் படியக் குட்டை வெட்டுவதையும் ஆற்றோரச் செடிகொடிகளை விட்டுவைப்பதையும் மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும். வளர்த்து அலுத்த மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மீன் கடைக்காரர்கள் முன்வரலாம். அதற்குப் பெரிய செலவு பிடிக்காது.