கீழ் மூலையில் ஒரு கையெழுத்து

உங்கள் வீட்டு ஸ்வாமி படத்தின் கீழ் மூலையை என்றாவது உற்றுப் பார்த்ததுண்டா, சகோதரிகளே? தினமும் விளக்கேற்றுகிறோம், பூ வைக்கிறோம், சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அந்த மூலை மட்டும் நம் கண்ணில் படுவதேயில்லை. எனக்கும் அப்படித்தான், 2023-ஆம் வருஷத்து வெள்ளம் வரை.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் கொட்டித் தீர்த்த மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு ஏரல் பஜாருக்குள்ளேயே வந்துவிட்டது. பாலமும் சேதமாகிப் போக்குவரத்து நின்றது. வழி திறந்ததும் ஏரலிலுள்ள பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். வீடு முழுக்கச் சேறு. உயரத்தில் மாட்டியிருந்த சேர்மன் அருணாசல சுவாமி படம் மட்டும் தப்பியிருந்தது. மற்ற படங்களெல்லாம் முற்றத்தில் குவியலாய்க் கிடந்தன.

"நனைஞ்ச சாமி படத்தை வீட்டுல வைக்கக் கூடாதும்பாவ அத்தை, ஆத்துல விட்டுருவோம்" என்றாள் மைனி.

"ஆத்துத் தண்ணி வந்து நனைச்சதை மறுபடி ஆத்துலயே விடணுமாக்கும்? சும்மா கெடட்டி!" என்று பெரியம்மா ஒரு படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

கஜலக்ஷ்மி படம். பெரியப்பா பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த காலத்தில், வருஷப் பிறப்புக்கு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்த காலண்டர். படத்துக்குக் கீழே அவர் கடைப் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. கடையும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. பெரியம்மாவுக்கு லக்ஷ்மி பாதி, அந்தச் சிவப்பு எழுத்து பாதி.

சேற்றைத் துடைத்தபோதுதான் அந்த மூலையில் பொடி எழுத்தில் இங்கிலீஷ் கையெழுத்தைப் பார்த்தேன்: சி. கொண்டையராஜு. கூடவே டி.எஸ். சுப்பையா.

யார் இவர்கள் என்று விசாரித்தால், நம் ஜில்லாவிலேயே கோவில்பட்டியில் இருந்தவர்கள்! கொண்டையராஜு 1898-ல் சென்னையில் பிறந்தவர். அங்கே சித்திரப் பள்ளியில் படித்தார். மனம் ஓடிய திசை வேறு போலிருக்கிறது. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதப் போனார். ஆசிரமம் எங்கே, நாடகக் கொட்டகை எங்கே! 1940-களின் தொடக்கத்தில் கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். 1976-ல் காலமாகும் வரை அதுவே அவர் ஊர். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்ற பெயரில் அவரும் சீடர்களும் தொழில் செய்தார்கள்.

அவர் படங்களில் உங்களுக்குப் பழக்கமானவற்றை நினைத்துப் பாருங்கள். மீனாக்ஷி கல்யாணம், கஜலக்ஷ்மி, ராமர் பட்டாபிஷேகம். ஸ்வாமி நடுவில் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார். பின்னால் தூண், திரைச்சீலை, தூரத்தில் மலை, ஏரி. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதல்லவா? அது நாடகப் படுதாவேதான். கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிய வேண்டுமென்று எழுதிப் பழகிய கை. அதனால்தான் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் அம்பாளின் கண் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு முன்னால் ரவிவர்மா இருந்தார். 1894-ல் பம்பாய்ப் பக்கம் அச்சகமே வைத்துப் படங்களை வீடுகளுக்குக் கொண்டு வந்தவர். அவர் வழி வந்த லக்ஷ்மியும் சரஸ்வதியும் எல்லா ஓவியர்களுக்கும் பாடம். ஆனால் ரவிவர்மாவின் சகுந்தலையும் தமயந்தியும் நம்மைப் பார்ப்பதில்லை. அவரவர் கவலையில் இருப்பார்கள். கொண்டையராஜு தெய்வங்கள் நம்மைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். கோவிலில் கர்ப்பக்கிருகத்துக்கு முன் நிற்கும் நிலை அது.

சிவகாசி இல்லாவிட்டால் இதெல்லாம் கோவில்பட்டியோடு நின்றிருக்கும். 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பின் காலண்டர் வராதா? ஆடிப் பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது இன்றும் அந்த ஊர் வழக்கம். ஆல்பத்தைப் புரட்டிக் கடைக்காரர் படம் தேர்ந்தெடுப்பார். ஒரே லக்ஷ்மி ஓர் ஊரில் ஜவுளிக் கடைக்கு, இன்னோர் ஊரில் மளிகைக் கடைக்கு. ஆகவே ஓவியரின் வேலை வரைவதோடு முடியவில்லை. கடைப் பெயருக்கு இடம் விட வேண்டும். அச்சில் வர்ணம் மங்காமல் வர வேண்டும். 365 நாளும் பார்த்தாலும் அலுக்காத முகமாக இருக்க வேண்டும். வருஷம் முடிந்து தேதித் தாளெல்லாம் போன பிறகும் சட்டம் போட்டு மாட்டத் தோன்ற வேண்டும். லேசான காரியமா?

'காலண்டர் ஆர்ட்தானே' என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் சுளித்தவள்தான். லட்சக்கணக்கான வீடுகளில் கையெடுத்துக் கும்பிடப்பட்ட ஒருவரின் பெயர் நமக்குத் தெரியவில்லையே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. அவரோ சீடர் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துப் போட்டவர். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் என்று அந்தச் சீடர்களும் சிவகாசிக்கு நிறைய எழுதினார்கள்.

இனி என் அசட்டுத்தனத்தைச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் வீட்டுக் குறிப்பு எழுதுகிறவள், படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் 'சர்'ரென்று உரித்துவிட்டேன். ஒரு யானையின் துதிக்கை கண்ணாடியோடு போயிற்று. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைத்து, அப்படியே காய விட வேண்டும். ஒட்டாத படமாக இருந்தால் சட்டத்திலிருந்து மெதுவாக எடுத்து, வெள்ளைத் துணியில் முகம் மேலே பார்க்கப் பரப்பி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயில் ஆகாது, வர்ணம் வெளுக்கும், தாள் சுருளும். நியூஸ் பேப்பர் வைத்தால் அதன் மை ஏறிவிடும். பூசணம் பூத்திருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு முற்றத்துக்குக் கொண்டு போய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். இழுப்பு உள்ளவர்களும் குழந்தைகளும் பக்கத்திலேயே வர வேண்டாம். மறுபடி மாட்டும்போது சட்டத்தின் பின்னால் கீழ்க்கோடிகளில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும், ஈரம் ஏறாது. விளக்குப் புகை நேரே படாத இடமாகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், கையெழுத்துத் தெரியும்படி செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

பெரியம்மாவின் லக்ஷ்மியைப் புதுச் சட்டம் போடத் தூத்துக்குடிக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் அளவு எடுத்துவிட்டு, "கீழ இருக்க விளம்பரத்தை வெட்டிரட்டுமா ஆச்சி? சாமி மட்டும் இருந்தா லெச்சணமா இருக்கும்" என்றார். எல்லோரும் அப்படித்தான் வெட்டச் சொல்வார்களாம்.

"வெட்டுனா ரெண்டு பேரும்லா போயிருவாவ" என்றாள் பெரியம்மா.

சட்டத்துக்கு இரண்டு அங்குலம் கூடுதலாயிற்று. அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தோம்.