ஒன்றுக்கு என்ன விலை?

கணக்கு என்றால் பலருக்குப் பயம். பள்ளிக்கூடத்தோடு அந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீரவில்லை. கடையில் கணக்கு இருக்கிறது. களத்தில் இருக்கிறது. கூலியில் இருக்கிறது. கடன் வாங்கும்போது வட்டியில் இருக்கிறது. கணக்குத் தெரியாதவர் காசு, கணக்குத் தெரிந்தவர் பெட்டிக்குப் போய்ச் சேருகிறது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கும் போதும். கூடவே ஒரு கேள்வி வேண்டும். "ஒன்றுக்கு என்ன?" என்பதுதான் அந்தக் கேள்வி.

மூட்டையில் ஒரு கணக்கு

கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கிறது முத்தாண்டிக்குப்பம். செம்மண் பூமி. பண்ருட்டி வட்டாரம் முழுவதும் முந்திரிக்கும் பலாவுக்கும் பேர் போனது. இந்த வட்டாரத்தில் முந்திரிக் கொட்டையை மூட்டைக் கணக்கில் விற்பார்கள். ஒரு மூட்டைக்கு 80 கிலோ.

ஒரு மூட்டை விலை 9,600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்கு என்ன? 9,600-ஐ 80-ஆல் வகுத்தால் 120 ரூபாய்.

இனி, வாங்க வந்தவர் சொல்கிறார்: "மண், தூசு இருக்கும். மூட்டைக்கு இரண்டு கிலோ தள்ளிக்கொள்கிறேன்." இரண்டு கிலோ என்றால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் அது 240 ரூபாய். பத்து மூட்டை விற்றால் 2,400 ரூபாய். கால் மூட்டை போய்விட்டது! தள்ளுவது நியாயமா, இல்லையா என்பது வேறு பேச்சு. தள்ளுவது எத்தனை ரூபாய் என்று தெரிந்துகொண்டு சம்மதிப்பது ஒன்று. தெரியாமல் தலையாட்டுவது வேறு.

கூலியில் ஒரு கணக்கு

கொட்டையை உடைப்பதும், பருப்பின் தோலை நீக்குவதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது உண்டு. கிலோவுக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தாய் ஒரு நாளில் ஏழரைக் கிலோ முடிக்கிறார். நோட்டில் ஏழு என்று எழுதுகிறார்கள். அரைக் கிலோவை யார் பார்க்கப் போகிறார்கள்?

அரைக் கிலோவுக்கு 15 ரூபாய். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் 90 ரூபாய். வருஷத்துக்கு 52 வாரம். 90-ஐ 52-ஆல் பெருக்கினால் 4,680 ரூபாய். பிள்ளைகளின் துணிமணிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகும் பணம்! இதைக் காப்பாற்ற ஒரு சின்ன நோட்டும் ஒரு பென்சிலும் போதும். அன்றன்று எடையை எழுதி, சனிக்கிழமை கூட்டிப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

கன்றில் ஒரு கணக்கு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியது. பல காலம் வளர்த்த முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. மறுபடியும் கன்று நட வேண்டி வந்தது.

ஒட்டுக் கன்றுகளை 7 மீட்டருக்கு 7 மீட்டர் இடைவெளியில் நடுவது உண்டு. அப்படியானால் ஒரு மரத்துக்கு எவ்வளவு இடம்? ஏழேழு நாற்பத்தொன்பது சதுர மீட்டர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். 49-ஆல் வகுத்தால் 82 கன்று. கணக்குப் போடாமல் நூறு கன்று வாங்கி வந்தால் 18 கன்று மிஞ்சும். அல்லது நெருக்கி நட்டு, மரத்துக்கு மரம் நிழல் விழுந்து காய்ப்புக் குறையும்.

நம் முன்னோர் கணக்கு

தமிழருக்குக் கணக்குப் புதிதல்ல. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடி படித்தார்கள். கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று சின்னப் பங்குகளுக்கெல்லாம் தனிப் பெயர் இருந்தது. இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. இரண்டையும் கூட்டினால் பதினாறில் ஒரு பங்கு. அதுதான் மாகாணி!

அந்த வரிசையில் முந்நூற்று இருபதில் ஒரு பங்குக்கு என்ன பெயர் தெரியுமா? முந்திரி! இன்றைக்கும் முந்திரி வியாபாரத்தில் "320 ரகம்" என்பது பிரபலம். ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு வரை நிற்கும் ரகம் அது. அந்தக் கணக்கில் ஒரு பருப்பு, பவுண்டில் ஒரு முந்திரி எடை! இது தற்செயலாக நேர்ந்த பொருத்தம்தான். ஆனால் நினைவில் நிற்கும்.

அளவுகள் மாறிக்கொண்டே இருக்கும். 1957 மே 20 அன்று பிரதமர் நேரு நெய்வேலிச் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன், அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று, நாட்டில் புதுக் காசு வந்தது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அதன் பிறகு ரூபாய்க்கு 100 நயா பைசா. ஓர் அணாவுக்கு ஆறேகால் காசு. கால் காசு நாணயம் கிடையாது. ஓர் அணாப் பொருளுக்குக் கடைக்காரர் ஏழு காசு கேட்டால் முக்கால் காசு கூடுதல். நாலு தடவை வாங்கினால் மூன்று காசு நஷ்டம். 1958 முதல் வீசையும் பலமும் படிப்படியாகப் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. காசு மாறியது. எடை மாறியது. "ஒன்றுக்கு என்ன?" என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

வட்டி என்னும் கணக்கு

எல்லாக் கணக்கிலும் கொடிய கணக்கு வட்டிக் கணக்கு.

"இரண்டு வட்டி" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். வருஷத்துக்கு 24 ரூபாய். "பத்து வட்டி" என்றால் வருஷத்துக்கு 120 ரூபாய். நூறு வாங்கியவர் ஒரே வருஷத்தில் வட்டியாக மட்டும் 120 கட்டுகிறார். அசல் நூறு அப்படியே நிற்கிறது!

தண்டல் கணக்கு இன்னும் தந்திரமானது. பத்தாயிரம் என்று பேச்சு. ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "வெறும் பத்து சதவிகிதம்தானே?" என்று தோன்றும்.

அது தவறு. வாங்கியது 9,000. வட்டி 1,000. அந்த 9,000 ரூபாயும் நூறு நாளும் கையில் இருந்ததா? இல்லை. முதல் நாளே திருப்பிக் கட்டத் தொடங்கியாயிற்று. முதல் நாள் கடன் 9,000. கடைசி நாள் ஒன்றும் இல்லை. சராசரியாகப் பார்த்தால் கையில் இருந்தது 4,500 ரூபாய்தான். 4,500 ரூபாய்க்கு 1,000 ரூபாய் வட்டி என்றால் நூற்றுக்கு 22 ரூபாய்க்கு மேல். அதுவும் நூறு நாளுக்கு. வருஷத்துக்கு என்ன? ஏறத்தாழ 80 ரூபாய்!

இதே கடன், இதே தவணையில், வருஷத்துக்கு 12 சதவிகித வட்டிக்குக் கிடைத்திருந்தால் வட்டி சுமார் 150 ரூபாய்தான் ஆகியிருக்கும். ஆயிரம் எங்கே? நூற்றைம்பது எங்கே?

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் தேவை. ஆனால் சட்டத்தைத் தேடிப் போகும்போது பணம் போயிருக்கும். கையெழுத்துப் போடும் முன்பே காப்பாற்றுவது கணக்குத்தான். கடன் கொடுப்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: "கையில் வரும் நூறு ரூபாய்க்கு, ஒரு வருஷத்துக்கு என்ன?"

பொட்டலக் கணக்கு

கடைக்குப் போனாலும் இதே கேள்விதான். 50 கிராம் பொட்டலம் 10 ரூபாய். கிலோவுக்கு 200. அதே சரக்கு 200 கிராம் 36 ரூபாய். கிலோவுக்கு 180. பெரிய பொட்டலம் மலிவு. ஆனால் 250 கிராம் 52 ரூபாய் என்றால் கிலோவுக்கு 208 ஆகிவிடும். பெரியதெல்லாம் மலிவு அல்ல! பொட்டலத்தில் கிராம் அல்லது கிலோ ஒன்றுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என 2021-ம் ஆண்டில் விதி திருத்தப்பட்டது. எழுத்து சின்னதாக இருக்கும். தேடிப் பார்ப்பது நல்லது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்சாரத்துக்கும் கணக்கு உண்டு. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி தினம் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். மாதத்துக்கு இருபத்திரண்டரை யூனிட். 30 வாட் விசிறியானால் 9 யூனிட்தான்.

கைபேசி போதாதா?

"கைபேசியே கணக்குப் போடுகிறதே!" என்று சிலர் கேட்கலாம். போடும். ஆனால் எதை எதால் வகுப்பது என்று அது சொல்லாது. தண்டல்காரர் பிடித்துக்கொண்ட ஆயிரத்தையும் அது கேட்காது. கேள்வியை மனிதர்தான் கேட்க வேண்டும்.

ஆகவே வீட்டில் பழக்கம் வர வேண்டும். கடைச் சீட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லலாம். அம்மாவின் கூலி நோட்டை மகள் சரிபார்க்கலாம். எழுத்து இப்போதுதான் கற்றவர்களும் தயங்க வேண்டாம். காசை எண்ணிப் பழகிய கைக்குக் கணக்குப் பிடிபட நாளாகாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டும் என்றால், அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு வேண்டாமா? பணம் கைமாறும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். "ஒன்றுக்கு என்ன?" என்று கேளுங்கள். உழைத்த காசு வீட்டிலேயே தங்கும்.