ஹலோ சார்... கேக்குதா?

உங்க காலேஜ் போடியா, உத்தமபாளையமா, தேனியா... எதுவா இருந்தாலும் சரி, நிறைய கம்பெனிகள் முதல் ரவுண்டு இன்டர்வ்யூவை ஆன்லைன்லயே முடிச்சிடுறாங்க. சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம், சார்ஜ் மிச்சம். ஆனா, வீட்டு டெஸ்க்டாப் முன்னாடி டை கட்டி உட்கார்ந்து ப்ளூடூத் ஹெட்செட்டை மாட்டினா, "ஹலோ சார், கேக்குதா? ஹலோ..." இதுலயே அஞ்சு நிமிஷம் போச்சுன்னா ராத்திரி முழுக்க படிச்சதை யாருகிட்ட சொல்றது? அதனால இந்த வாரம் ஹெட்செட் வைத்தியம்.

ஆள் இருக்காரா?
லேப்டாப்ல ப்ளூடூத் கூடவே வரும். பல டெஸ்க்டாப்ல வராது. 'டிவைஸ் மேனேஜர்' திறந்து பாருங்க. ப்ளூடூத்னு ஒரு வரிகூட இல்லைன்னா, ஒண்ணு டிரைவர் போடலை, இல்லைன்னா அந்த வசதியே இல்லை. வசதி இல்லைன்னா யு.எஸ்.பி. டாங்கிள் ஒண்ணு வாங்கிச் செருகிட்டா போதும்.

போன் தூக்கிட்டுப் போயிடுச்சா?
ஹெட்செட்டை ஆன் பண்ணினதும் அது பழைய பாசத்துல உங்க போனோட போய் ஒட்டிக்கும். கம்ப்யூட்டர் பாவம், தேடிக்கிட்டே இருக்கும். முதல்ல போன்ல ப்ளூடூத்தை ஆஃப் பண்ணுங்க. அப்பவும் மசியலையா? கம்ப்யூட்டர் லிஸ்ட்ல ஹெட்செட் பேரை 'ரிமூவ்' பண்ணிட்டு, லைட் கண் சிமிட்டுற வரைக்கும் ஹெட்செட் பட்டனை அழுத்திப் பிடிச்சு, புதுசா ஜோடி சேருங்க.

விட்டு விட்டுக் கேக்குதா?
நம்ம பொட்டிப்புரம் மலைக்குள்ள நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததும், அதுக்கு எதிர்ப்பு கிளம்பினதும் உங்களுக்குத் தெரியும். அந்த நியூட்ரினோ மலையையே துளைச்சுக்கிட்டுப் போயிடும். ப்ளூடூத்துக்கு சி.பி.யு. தகரப் பெட்டியைத் தாண்டவே மூச்சு வாங்கும்! டாங்கிளைப் பின்பக்கம் சொருகி, சி.பி.யு.வை மேஜைக்கு அடியில தள்ளி வெச்சா எப்படிங்க சிக்னல் வரும்?

இன்னொரு வில்லனும் உண்டு. ப்ளூடூத் ஓடுறது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில. பல வைஃபை ரூட்டர்களும் அங்கேதான் ஓடுது. யு.எஸ்.பி. 3.0 போர்ட்டும் அதே இடத்துல இரைச்சல் கிளப்பும்னு இன்டெல் கம்பெனியே 2012-ல அறிக்கை போட்டிருக்கு. வைத்தியம் சிம்பிள்: ஒரு யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜை மேல கொண்டு வந்திடுங்க. நீல நிற போர்ட்டை விட்டுட்டு கறுப்புல செருகுங்க. மதர்போர்டுலயே ப்ளூடூத் இருந்தா, அதோட வந்த ஆன்டெனா இன்னும் அட்டைப்பெட்டியிலயே தூங்குதான்னு பாருங்க.

பாட்டு சூப்பர், பேச்சு கரகரப்பா?
ஹெட்செட் ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க. பாட்டு கேக்க ஒரு முறை, மைக்கோட பேச இன்னொரு முறைன்னு சாதாரண ப்ளூடூத்ல ரெண்டு வழி இருக்கு. மைக் ஆன் ஆனதும் ரெண்டாவது வழிக்கு மாறிடும், சத்தத்தோட தரம் இறங்கிடும். அதனால மீட்டிங் செட்டிங்ஸ்ல ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும், மைக்குக்கு வெப்கேமையும் தேர்ந்தெடுங்க. ரெண்டு பேருக்கும் நல்லா கேக்கும்.

கடைசியா ஒண்ணு...
இன்டர்வ்யூவுக்கு முந்தின நாள், கம்பத்துலயோ சின்னமனூர்லயோ இருக்கிற ஃப்ரெண்டைக் கூப்பிட்டு அதே கம்ப்யூட்டர்ல பத்து நிமிஷம் பேசிப் பாருங்க. ஒயர் வெச்ச இயர்போன் ஒண்ணும் பக்கத்துல இருக்கட்டும். போன் இயர்போனை பச்சை, ரோஸ்னு தனித்தனி ஓட்டை உள்ள சி.பி.யு.வுல செருகினா சத்தம் வரும், உங்க பேச்சு போகாது. அதுக்குன்னு ஸ்ப்ளிட்டர் விக்குது, அதையும் வாங்கி வெச்சுக்குங்க.

அப்புறம் என்ன, "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னு கேட்டா தயங்காம ஆரம்பிங்க. ஆல் தி பெஸ்ட் மக்கா!