வந்த சனம்



சென்ற மாதம் கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதிய பொருளாளரைத் தெரிவு செய்யவேண்டியிருந்தது. ஒரு பிள்ளையின் பெயரை முன்மொழிந்தார்கள். உயர்தரம் வரை படித்தவள். கணவனைப் போரில் இழந்து இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவள். கணக்கிலும் கெட்டிக்காரி. பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது: "அதுகள் மலைநாட்டில இருந்து வந்த சனம். சங்கக் காசை அதுகளிட்டக் குடுக்கேலுமே?"

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். எழுந்து நின்றது அவளுடைய அம்மம்மா. "நாங்க எழுபத்தேழுல வந்தோம். இவ, இவ புள்ளைங்க எல்லாம் இங்கதான் பொறந்திச்சு. இன்னும் எத்தன வருசம் இருந்தா நாங்க இந்த ஊரு ஆளுங்க?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், அங்கே சொல்லியிருக்க வேண்டியவை ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவற்றையே இந்த மாதம் எழுதுகிறேன்.

அந்த அம்மாவின் மூதாதையர் தாமாக வேடிக்கை பார்க்க இலங்கைக்கு வந்தவர்கள் அல்லர். வெள்ளைக்காரத் துரைமார் மலைநாட்டில் கோப்பித் தோட்டம் போட்டபோது ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதுக்கோட்டை, திருச்சி, இராமநாதபுரம், மதுரை, சேலம் பகுதிகளில் பஞ்சத்திலும் கடனிலும் கிடந்த ஏழைச் சனங்களைக் கங்காணிமார் கூட்டி வந்தார்கள். வள்ளத்தில் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மன்னார்ப் பக்கத்துக் காடுகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது எப்படி இருக்கும் என்று எங்களில் பலருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

கோப்பிக்காலத்தில் பெரும்பாலும் ஆண்களே வந்தார்கள். பழம் பறிக்கும் பருவம் முடிய ஊர் திரும்பினார்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னரே, 1867இல், லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிய அழிய மலைகள் தேயிலையால் நிறைந்தன. தேயிலைக்குப் பருவம் இல்லை, வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்கவேண்டும். அதற்குப் பெண்ணின் கை வேண்டும் என்றார்கள் துரைமார். அப்போதுதான் குடும்பம் குடும்பமாக வந்து லயத்தில் தங்கினார்கள். வந்தவர்கள் நிலைத்ததற்குக் காரணம் பெண்ணின் கூடைதான். ஆனால் அதே கொழுந்துக்காரிக்கு ஆணைவிடக் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டது. 1984இல்தான் சம கூலி வந்தது. அந்தக் கூலியைக் கூடப் பல வீடுகளில் கணவன்மாரே போய் வாங்கினார்கள்.

இவர்கள் வந்ததால் நாட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், பட்டியல் நீளமானது. ரெயில் பாதை கோப்பி மூட்டைக்காகவே கண்டிக்கு ஏறியது. கொழும்புத் துறைமுகம் தோட்ட ஏற்றுமதியால் வளர்ந்தது. சுதந்திரம் கிடைத்த காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும் பங்கு தேயிலை, றப்பர், தெங்கு மூன்றிலிருந்துமே வந்தது. அந்த வருமானத்தின் மீது போட்ட வரிகள்தான் பங்கீட்டு அரிசிக்கும், இலவச வைத்தியத்துக்கும், கன்னங்கரா அவர்கள் 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்விக்கும் பெரும் துணையாக இருந்தன. நானும் அந்தக் காசில்தான் படித்தேன். நீங்களும் அப்படித்தான். கொழுந்து பறித்தவளின் பிள்ளைக்கோ தோட்டத்தில் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்பு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான்.

கெடுதல் ஒன்றும் நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தினால் கண்டிச் சிங்களக் கிராமத்தவர்கள் சேனை செய்த காடும், மாடு மேய்த்த தரையும் முடிக்குச் சொந்தமாகித் துரைமார் கைக்குப் போயின. மலையைச் சுற்றித் தோட்டம், இடையில் நெருக்குண்ட கிராமம். தோட்டத்துக்கு வேண்டிய அரிசியைப் பர்மாவிலும் இந்தியாவிலும் இருந்து இறக்கியதால், நாடு வெளியரிசியில் தங்கப் பழகியது. கிராமத்தவரின் கோபம் நியாயமானதே. ஆனால் காணியை எடுத்தவர் பங்களாவில் இருந்தார், கண்ணில் பட்டவர் லயத்தில் இருந்தார். கோபம் லயத்தின் மேல் விழுந்தது.

1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர், நூற்றுக்குப் பன்னிரண்டு பேரளவில். 1947 தேர்தலில் அவர்களுடைய காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தார் என்று காட்டவேண்டும். பிறப்பே பதியாத லயத்தில் தந்தையின் அத்தாட்சிக்கு எங்கே போவது? தாய் இங்கே பிறந்தது கணக்கில் வராது. தாய்வழிக்கும் சம உரிமை 2003இல்தான் கிடைத்தது. 1949இல் வாக்கும் போனது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கில் எடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மீதியைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலுமாகப் போன குடும்பங்கள் உண்டு. நாடற்றவர் என்ற நிலைக்கு முடிவு காண இன்னொரு சட்டம் 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்கவேண்டி வந்தது.

இது எல்லாம் மற்றவர்கள் செய்தது என்று நாங்கள் ஒதுங்கிவிட முடியாது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. 1958, 1977, 1983இல் அடி, தீ. தப்பி வந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இறங்கினார்கள். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை இருந்த காலம். எங்கள் கமக்காரருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். காடு வெட்டவும், மிளகாய் பிடுங்கவும், வயலில் களை எடுக்கவும் இவர்களை அழைத்தோம். குடியிருக்கக் கொடுத்ததோ, பெரும்பாலும் வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுக்காணி. அதற்கும் பேர்மிட் இல்லாத வீடுகள் நிறைய. போர் வந்தபோது மாத்திரம் பாகுபாடு இருக்கவில்லை. ஒரே பங்கரில் இருந்தோம், ஒரே வரிசையில் கஞ்சிக்கு நின்றோம், ஒரே முகாமுக்குப் போனோம். மீள்குடியேறி வந்த பிறகு பழைய கணக்கு மீண்டும் எடுக்கப்படுகிறது.

எங்கள் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள். அங்கே யாரும் "வந்த சனம்" என்று சொன்னால் தொலைபேசியில் எங்களிடம் அழுகிறார்கள். நாங்களும் கோபப்படுகிறோம்.

கூட்டம் முடிய அந்த அம்மா என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். பொலித்தீன் பையில் சுற்றி, எல்லா இடப்பெயர்விலும் காவித் திரிந்த காகிதங்களைக் காட்டினார். தோட்டத்துப் பற்றுச்சீட்டு, பழைய பங்கீட்டு அட்டை, நிவாரண அட்டை. பிறப்பத்தாட்சி இல்லை. காணி கணவனின் பேரில், அவர் இறந்துவிட்டார். இப்படி இருக்கும் சகோதரிகள் கிராம அலுவலரின் கடிதத்துடன் பிரதேச செயலகத்துக்குச் சென்று, காலங்கடந்த பிறப்புப் பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். அது முடியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பழைய பற்றுச்சீட்டையோ பங்கீட்டு அட்டையையோ தயவுசெய்து எறியாதீர்கள். பேர்மிட் காணிக்குப் பின்னுரித்தாளர் பெயர் பதியாதிருந்தால், முன்பு மூத்த மகனுக்கே முதலிடம் இருந்தது. 2022இல் திருத்தம் வந்து ஆண், பெண் என்ற வேறுபாடு நீக்கப்பட்டது. காணிக் கிளையில் இதைக் கேட்கப் பயப்படவேண்டாம்.

பேத்தி எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, காகிதங்களை ஒவ்வொன்றாகத் திகதிப்படி அடுக்கி, ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தாள். நல்ல கையெழுத்து. பொருளாளர் தெரிவு அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. நானும் போகிறேன். இம்முறை முன்வரிசையில் இருப்பேன்.